ஏழு வயதுக் குழந்தை ‘நான் பார்த்தேன்’ என்றால் கோர்ட்டு எவ்வளவு நம்பலாம்?

பெரம்பூர்_கணேசன்:

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். மத்தியப் பிரதேச அரசு எதிர் பல்வீர் சிங். 2003-ல் நடந்த சம்பவம். மனைவியைக் கொன்று, அவள் பிறந்த வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் உடலை எரித்துவிட்டான் என்பது கணவன் மீது வழக்கு. நேரில் பார்த்த சாட்சி அவர்களுடைய ஏழு வயது மகள் மட்டும்தான். விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, உச்ச நீதிமன்றம் தண்டனையை மறுபடி உறுதி செய்தது.

போலீஸ் அந்தக் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கியது 18 நாள் கழித்து. உயர் நீதிமன்றத்துக்கு அது உறுத்தியது. உச்ச நீதிமன்றமோ, தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்றது.

தீர்ப்பு சரியா தப்பா என்று பட்டிமன்றம் நடத்த வரவில்லை. எனக்கு வேறு சந்தேகம். என் தங்கை பையனுக்கு ஆறு வயது. ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறான். அப்பாவிடம் ஒன்று, பாட்டியிடம் இன்னொன்று. இந்த வயதில் ஞாபகம் எந்த அளவுக்கு நிற்கும்? சட்டம் தெரிந்தவர்கள், உளவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்கிளி:

சட்டத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்ல நம் நாட்டில் வயது வரம்பு கிடையாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 118-ம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 124. கேள்வியைப் புரிந்துகொண்டு, அதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் சாட்சிதான். 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்தியப் பிரமாணம் என்றால் என்னவென்று புரியவில்லை என நீதிபதி கருதினால், பிரமாணம் செய்து வைக்காமலே விசாரிக்கலாம். 1952-லேயே ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் வழக்கில், எட்டு வயதுச் சிறுமிக்குப் பிரமாணம் செய்து வைக்காதது அவள் சாட்சியத்தைக் கெடுக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக, சாட்சி ஆரம்பிக்கும் முன்பு நீதிபதி சில கேள்விகள் கேட்டுக் குழந்தையை எடைபோடுவார். கீழ்க்கோர்ட்டில் இதைப் பார்த்திருந்தால் தெரியும். பேர் என்ன, எந்த ஸ்கூல், டீச்சர் பேர் என்ன. அப்புறம் எப்போதும் வருகிற அந்தக் கேள்வி.

“பொய் சொல்லலாமா பாப்பா?”

“சொல்லக் கூடாது.”

“சொன்னா என்ன ஆகும்?”

“சாமி கண்ணைக் குத்தும்.”

நீதிபதி ஆங்கிலத்தில் டைப்பிஸ்டுக்குச் சொல்வார்: சாட்சிக்கு உண்மை பேச வேண்டிய கடமை தெரிந்திருக்கிறது. முடிந்தது. குழந்தை பொய் கூடாது என்று தெரிந்தவளா என்பது மட்டும்தான் இதில் தெரியும். ஞாபகத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

இன்னொரு பக்கம், எதிர்த்தரப்பு வக்கீலின் பிரம்மாஸ்திரம். “இங்க வந்து என்ன சொல்லணும்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?” குழந்தை, “ஆமா, போலீஸ் ஆன்ட்டி சொன்னாங்க” என்று சொல்லும். வக்கீல் உடனே உட்கார்ந்துவிடுவார். அந்த ஆன்ட்டி ‘பயப்படாம நடந்ததைச் சொல்லும்மா’ என்று சொல்லியிருக்கலாம், வரிவரியாக மனப்பாடம் செய்ய வைத்தும் இருக்கலாம். அடுத்த கேள்வி கேட்டால்தான் தெரியும், அதை அவர் கேட்கமாட்டார். அரசு வக்கீல் மறுவிசாரணையில் கேட்க வேண்டும். பல சமயம் கேட்பதில்லை.

சந்தேகசாமி:

கணேசன் சார், குடிகாரன் பேச்சு மட்டுமில்லை, குழந்தை பேச்சும் விடிஞ்சா போச்சுதான். உங்கள் மருமகன் விஷயத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அமெரிக்காவில் நடந்த மெக்மார்ட்டின் வழக்கு தெரியாதவர்கள் தேடிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச், 1983. மெக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளியில் தன் பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று ஒரு அம்மா புகார் கொடுக்கிறார். உடனே போலீஸ் சுமார் 200 பெற்றோருக்குக் கடிதம் அனுப்புகிறது: உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், இந்த இந்த மாதிரி ஏதாவது நடந்ததா என்று. அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான குழந்தைகள் புதுப்புதுக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பள்ளிக்கு அடியில் ரகசியச் சுரங்கம் இருக்கிறது, சூனியக்காரி பறந்ததைப் பார்த்தோம், பலூனில் கூட்டிப் போனார்கள். போட்டோக்களைக் காட்டிக் கேட்டபோது ஒரு குழந்தை நடிகர் சக் நாரிஸ் படத்தைக் காட்டி ‘இவர்தான்’ என்றது. 1990-ல் வழக்கு முடிந்தபோது ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லை. செலவு ஒன்றரைக் கோடி டாலர். அதற்குள் ஓர் இளைஞன் ஐந்து வருடம் ஜெயிலில் இருந்துவிட்டான்.

இது நேற்றைய கண்டுபிடிப்பும் இல்லை. 1911-ல் பெல்ஜியத்தில் வாரெண்டாங்க் என்ற உளவியலாளர் ஒரு கொலை வழக்குக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பரீட்சை வைத்தார். ஏழு வயதுப் பிள்ளைகள் 18 பேரிடம், ‘உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரின் தாடி என்ன நிறம்?’ என்று கேட்டார். 16 பேர் கறுப்பு என்றார்கள். அந்த ஆசிரியருக்குத் தாடியே கிடையாது! நாகரிகமான நாடுகளில் குழந்தை சாட்சியத்தை எப்போது கைவிடப் போகிறோம் என்று அப்போதே கேட்டுவிட்டுப் போனார்.

தாரணி_உளவியல்:

சந்தேகசாமி சொன்ன தகவல் எல்லாம் சரி. ஆனால் அதில் குழந்தையைப் பற்றிய செய்தியைவிடக் கேட்டவர்களைப் பற்றிய செய்திதான் அதிகம். தாடி இல்லாத ஆளுக்குத் தாடியை ஒட்டியது கேள்வி கேட்ட பெரியவர்.

1980-ல் ஹியூஸ், க்ரீவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளிடம் வேண்டுமென்றே அர்த்தமில்லாத கேள்விகள் கேட்டார்கள். ‘பால் தண்ணீரைவிடப் பெரியதா?’ ‘சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?’ பெரும்பாலான குழந்தைகள் பதில் சொன்னார்கள். பெரியவர் கேட்கிறார் என்றால் பதில் இருக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வகுப்பறையில் நாம் பழக்கியதும் அதைத்தான்.

மெக்மார்ட்டின் குழந்தைகளிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு ஒலி, ஒளிப்பதிவுகள் இருக்கின்றன. கையில் பொம்மையைக் கொடுத்து, ‘மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீ புத்திசாலி ஆச்சே, நீயும் சொல்லு’ என்கிற பாணி. 1998-ல் கார்வென் என்பவரும் கூட்டாளிகளும் அந்த உத்திகளை எடுத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு விருந்தாளி வந்து கதை சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு வாரம் கழித்து அவர் செய்யாதவற்றைச் செய்தாரா என்று கேட்கிறார்கள். தூண்டும் கேள்வி மட்டும் கேட்டபோது தப்பான குற்றச்சாட்டுகளுக்கு ‘ஆமாம்’ என்றது 17%. அதோடு பாராட்டு, ‘மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்’ போன்றவற்றைச் சேர்த்ததும் 58%. இத்தனைக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பேசியது சில நிமிடங்கள்தான்.

எனக்கு மெக்மார்ட்டினைவிட முக்கியமாகப் படுவது நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட்டில் நடந்த வழக்கு. வீ கேர் என்ற மழலையர் பள்ளி. 1985-ல் ஒரு நான்கு வயதுப் பையனுக்கு டாக்டரின் கிளினிக்கில் ஆசனவாய் வழியாகக் காய்ச்சல் பார்த்தார்கள். ‘எங்கள் டீச்சரும் இப்படித்தான் செய்வார்’ என்று அவன் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்து, அந்தப் பள்ளியில் ஏழு மாதம் மட்டும் வேலை பார்த்த கெல்லி மைக்கேல்ஸ் என்ற இளம்பெண் மீது மலையளவு பாலியல் குற்றச்சாட்டுகள். கூட வேலை பார்த்த ஒருவரும் எதையும் பார்க்கவில்லை, அந்தச் சமயத்தில் எந்தப் பிள்ளையும் வீட்டில் புகார் சொல்லவில்லை. 1988-ல் 115 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு, 47 வருடச் சிறை.

மேல்முறையீட்டில் விசாரணைப் பதிவுகளைப் புரட்டினார்கள். குழந்தை ‘எதுவும் நடக்கவில்லை’ என்றால் கேள்வி மறுபடி வரும், மறுபடியும் வரும். ‘ஆமாம்’ என்றால் பாராட்டு. போலீஸ் பேட்ஜ் தருவதாக ஆசை காட்டியிருக்கிறார்கள். ‘கெல்லி கெட்டது செய்ததால் ஜெயிலில் இருக்கிறாள், அவள் வெளியே வராமல் இருக்க நீ உதவி செய்யணும்’ என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம், முதன்முதலாக நடந்த பேட்டிகளுக்குப் பதிவே இல்லை. சில கையெழுத்துக் குறிப்புகளையும் அழித்துவிட்டார்கள். குழந்தை முதலில் தன் வாயால் என்ன சொன்னது, எதை யார் வாயில் போட்டார்கள் என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியவில்லை. 1993-ல் தண்டனை ரத்து. 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, விசாரித்த முறையே சாட்சியத்தைக் கெடுத்திருக்கிறதா என்று வழக்குக்கு முன்பே தனியாக விசாரிக்க வேண்டும் என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. மேகி ப்ரக், ஸ்டீஃபன் செஸி இருவரும் எழுதி, 40-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று அந்த வழக்கில் தாக்கலானது.

அதே செஸி, லைட்மன் என்பவரோடு சேர்ந்து 1995-ல் வெளியிட்ட ‘சாம் ஸ்டோன்’ ஆய்வுதான் கணேசன் கேட்டதற்கு நேரடிப் பதில். சாம் ஸ்டோன் என்ற ஆள் மழலையர் வகுப்புக்கு வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டு, எதையும் தொடாமல் போகிறார். ஒரு குழுப் பிள்ளைகளிடம் அவர் வருவதற்கு முன்பே பல வாரங்கள் ‘சாம் ஸ்டோனா? எதைத் தொட்டாலும் உடைத்துவிடுவான்’ என்று கதை சொல்லி வைத்தார்கள். வந்து போன பின்பு, ‘புத்தகத்தை வேண்டுமென்றே கிழித்தானா, தெரியாமல் கிழித்தானா?’ என்கிற மாதிரிக் கேள்விகள். பத்து வாரம் கழித்துப் புதிய ஆள் ஒருவர் வந்து விசாரித்தபோது, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் 72% பேர் அவன் புத்தகத்தைக் கிழித்தான் அல்லது கரடி பொம்மையை அழுக்காக்கினான் என்றார்கள்.

இன்னொரு குழுவிடம் முன்கதையும் இல்லை, தூண்டலும் இல்லை. அவர்களிடம் ‘அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று மட்டும் கேட்டபோது ஒருவரும் அவன் மேல் பழி போடவில்லை. அதே வயது, அதே பத்து வாரம். இந்தக் குழுவைப் பற்றி யாரும் மேற்கோள் காட்டுவதே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

மூணாம்வகுப்பு_டீச்சர்:

தாரணி சொல்வதைப் பரீட்சை வைக்காமலே நாங்கள் தினமும் பார்க்கிறோம். வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணோம். பக்கத்து வகுப்பு டீச்சர் உள்ளே வந்து, ஏற்கெனவே பேர் கெட்ட ஒரு பையனைப் பார்த்துக்கொண்டே, “யாருடா எடுத்தது? இவன் பெஞ்ச் பக்கம் வந்தானா இல்லையா?” என்றார். நாலு கை தூக்கின. ஒருத்தி, “அவன் பேக்ல வெச்சதை நான் பார்த்தேன் மிஸ்” என்றாள். இன்னொருத்தி அவன் எந்த ஜிப்பில் வைத்தான் என்றே சொன்னாள். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். பாக்ஸ் மத்தியானம் பி.டி. கிரவுண்டில் கிடைத்தது.

அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் பொய் சொல்கிறவர்கள் கிடையாது. அவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையனிடம்தான் டீச்சர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

சந்தேகசாமி:

டீச்சர், நீங்கள் என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள். பொய் என்றால் குறுக்கு விசாரணையில் உடைக்கலாம். தான் பார்த்ததாகவே நம்பிவிட்ட குழந்தையை எப்படி உடைப்பது? எலிப்பொறி ஆய்வு என்று ஒன்று உண்டு, அதையும் செஸிதான் செய்தார். ‘உன் விரல் எலிப்பொறியில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாயே, ஞாபகம் இருக்கா? நன்றாக யோசித்துப் பார்’ என்று வாராவாரம் கேட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. கடைசிப் பேட்டியில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடக்காத சம்பவம் ஒன்றையாவது விவரமாகச் சொன்னார்கள். யார் தள்ளிவிட்டது, எந்த விரலில் கட்டுப் போட்டது என்பது வரை. சும்மா ஒரு கதை, அப்படி நடக்கவே இல்லை என்று பிறகு சொன்னாலும் சில பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

குழந்தை உளவியலுக்கே தாத்தாவான பியாஜே கதையும் இதுதான். இரண்டு வயதில் பாரிஸ் ஷான்ஸ் எலிசே சாலையில் தன்னைக் கடத்த வந்தவனை ஆயா தடுத்துப் போராடியதும், ஆயா முகத்தில் கீறல் விழுந்ததும், போலீஸ்காரர் ஓடி வந்ததும் அவருக்கு அப்படியே கண்ணில் இருந்தது. அவருக்குச் சுமார் 15 வயதாகும்போது அந்த ஆயா கடிதம் எழுதினார்: எல்லாம் நான் கட்டிய கதை. பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். படத்தை வரைந்தது ஆயா, பார்த்ததாக நம்பியது பியாஜே. இப்போது சொல்லுங்கள், நீதிபதி எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

தாரணி_உளவியல்:

முகத்தைப் பார்த்தோ பேச்சைக் கேட்டோ கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மைதான். சாம் ஸ்டோன் வீடியோக்களை நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், மருத்துவர்களிடம் போட்டுக் காட்டி எந்தக் குழந்தை நடந்ததைச் சொல்கிறது என்று கேட்டார்கள். நிபுணர்கள் நம்பிக்கையோடு தப்பாகச் சொன்னார்கள். ‘சாட்சி தயங்காமல், கோர்வையாகச் சொன்னார்’ என்று தீர்ப்புகளில் வரும்போதெல்லாம் எனக்கு இந்த வீடியோக்கள்தான் நினைவுக்கு வரும்.

அதனால்தான் குழந்தையைப் பார்ப்பதைவிட அதனிடம் யார், எப்போது, எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறேன். அது ஆவணத்தில் இருக்கக்கூடிய விஷயம். கணேசனுக்கு: 18 நாள் என்பது ஞாபகத்துக்குப் பெரிய காலமே இல்லை. அந்த 18 நாளில் குழந்தை யார் வீட்டில் இருந்தது, யார் யார் அதனிடம் இதைப் பற்றிப் பேசினார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

பெரியவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ‘கட்டில், ஓய்வு, தலையணை, கனவு’ என்று வார்த்தைப் பட்டியல் கொடுத்துவிட்டு, அதில் இல்லாத ‘தூக்கம்’ இருந்ததா என்று கேட்கும் சோதனையில் பெரியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் குறைவாகத்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வார்த்தைகளைச் சேர்த்து அர்த்தம் கட்டும் பழக்கம் இன்னும் வரவில்லை. ப்ரெய்னர்ட், ரெய்னா இருவரும் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். பியாஜே 15 வயது வரை நம்பினாரே, அவர் குழந்தையாக இருந்தா நம்பினார்?

ஸ்கார்பரோ_சிவா:

இடையிலே புகுந்ததுக்கு மன்னிக்கவும். நான் கனடாவில் இருக்கிறன், இங்கே இந்த விஷயம் நிறையக் கதைக்கப்பட்டது. நியூஃபவுண்ட்லாந்தில் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் கரோல் பீட்டர்சன் என்ற பேராசிரியர் வேறு வழியில் போனவர். பரிசோதனை வைக்காமல், கையை முறித்துக்கொண்டு, நெற்றியில் தையல் போட அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளிடம் பேசினார். எப்படி விழுந்தாய், எங்கே அடிபட்டது, யார் தூக்கினது. பெற்றோரின் விவரத்தோடு ஒப்பிட்டார். பிறகு வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். காயம் பட்ட கதையின் முக்கியமான பகுதிகளைப் பிள்ளைகள் ஐந்து வருடம் கழித்தும் நன்றாகவே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்பதில்தான் குழப்பம் கூட. தனக்கு வலித்ததைப் பிள்ளை மறப்பதில்லை.

கோர்ட்டுக்கிளி எழுதின ‘சாமி கண்ணைக் குத்தும்’ விசாரணையும் இங்கே இருந்தது. உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் சொல்லு, சத்தியம் என்றால் என்ன என்று பிள்ளையைப் போட்டு வறுப்பார்கள். 2006 முதல் அதைச் சட்டத்தாலேயே நிறுத்திவிட்டார்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ‘உண்மை சொல்லுவன்’ என்று வாக்குக் கொடுத்தால் போதும். அதன் அர்த்தம் புரியுமா என்று கேட்கவே கூடாது. இங்கத்தைய ஆய்வுகளில், பொய்யென்றால் என்ன என்று நன்றாக விளக்கத் தெரிந்த பிள்ளைதான் உண்மை சொல்லும் என்று காணவில்லை. வாக்குக் கொடுத்த பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உண்மை சொன்னார்கள்.

சந்தேகசாமி:

வலித்ததை மறப்பதில்லை, சரி. அப்படியென்றால் யாரும் தூண்டாமல் தானாகவே வந்து சொல்லிவிடுமே? தூண்டல் இல்லாமல் வந்த சாட்சியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எனக்குச் சம்மதம்.

தாரணி_உளவியல்:

அங்கேதான் சிக்கல். 1991-ல் சேவிட்ஸ், குட்மன் குழுவினர் ஐந்து, ஏழு வயதுச் சிறுமிகள் 72 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான மருத்துவப் பரிசோதனை. பாதிப் பேருக்கு அந்தரங்க உறுப்புப் பரிசோதனையும் அதில் அடக்கம், மீதிப் பேருக்கு அதற்குப் பதில் முதுகெலும்புப் பரிசோதனை. பிறகு ‘டாக்டர் என்ன செய்தார், எல்லாம் சொல்லு’ என்று கேட்டார்கள். முதல் பாதியில் பெரும்பாலானவர்கள் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னார்கள். நேரடியாகக் கேட்டபோதுதான் ‘ஆமாம்’ என்றார்கள். இரண்டாம் பாதியில் நடக்காததை நடந்ததாகச் சொன்னவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

மறந்து போய்ச் சொல்லாமல் இருக்கவில்லை, வெட்கம். ஆகவே எதுவுமே கேட்காமல் இருந்தால் நடந்ததும் வெளியே வராது. கேட்கத்தான் வேண்டும், ஒரு முறை, பக்குவமாக, கடைசியில். இந்த இரண்டு அபாயத்துக்கும் நடுவே போவதற்காக மைக்கேல் லாம்ப் குழுவினர் ஒரு விசாரணை முறையை வகுத்தார்கள். 1990-களிலிருந்து இஸ்ரேலில் குழந்தைகளை விசாரிப்பவர்கள் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். முதலில் ‘தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு, நான் தப்பாகச் சொன்னால் திருத்து’ என்ற விதிகளைப் பழக்குவார்கள். அப்புறம் பிறந்தநாள் மாதிரி சாதாரண சம்பவம் ஒன்றை முழுசாகச் சொல்லச் சொல்வார்கள், நீளமாகப் பேசிப் பழகட்டும் என்று. அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவார்கள், அதுவும் ‘என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு’, ‘அப்புறம்?’ என்ற அளவில்.

மட்டுறுத்துநர்:

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். நம் ஊரில் நடக்கும் வழக்குகளில் குழந்தையின் பெயர், பள்ளி, தெரு, உறவினர் எதையும் போட வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவில் அது குற்றம். விவாதம் தொடரட்டும்.

ரெண்டு_பசங்க_அம்மா:

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வெல்லாம் சரி, நாளைக்கு என் பெண் வந்து ‘வேன் அங்கிள் என்னை என்னமோ பண்ணாரு’ என்றால் நான் என்ன செய்ய? கேள்வி கேட்டால் கெடுத்துவிடுவேன் என்கிறீர்கள். கேட்காமல் எந்த அம்மாவால் இருக்க முடியும்?

தாரணி_உளவியல்:

கேளுங்கள். ஆனால் நீங்கள் பதறியதும் வாயில் வருகிற கேள்வி இப்படித்தான் இருக்கும்: “எங்க தொட்டான்? இங்கயா? டிரஸ்ஸக் கழட்டினானா?” இந்த மூன்றுக்கும் ‘ம்’ என்று தலையாட்டினால் போதும், ஒரு குற்றப்பத்திரிகையே தயார். உங்கள் முகத்தைப் பார்த்தால் குழந்தைக்குத் தலையாட்டத்தான் தோன்றும்.

அதற்குப் பதில், “என்னம்மா பண்ணாரு? சொல்லு.” அது “சீட்டுல தள்ளி உட்காரச் சொல்லித் திட்டினாரு” என்றும் முடியலாம், வேறு மாதிரியும் முடியலாம். பாதியில் நின்றால் “ம், அப்புறம்?” என்று மட்டும். அதன் வார்த்தையை நீங்கள் திருத்த வேண்டாம், அதற்கு இல்லாத பெயர்களைக் கொடுக்க வேண்டாம். தப்பாக ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் கேட்பதை நிறுத்திவிடுங்கள். அது சொன்னதையும் நீங்கள் கேட்டதையும் அப்படியே, பேச்சு வழக்கிலேயே, நேரம் தேதியோடு எழுதி வையுங்கள். பாட்டியிடம், அத்தையிடம், டீச்சரிடம் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லாதீர்கள். நம் வீடுகளில் இதுதான் பெரிய கஷ்டம். சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டு முடித்திருப்பார்கள்.

கோர்ட்டுக்கிளி:

அதற்கு அப்புறம் தாமதிக்காமல் 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது காவல் நிலையம். போக்சோ சட்டப்படி குழந்தையை ஸ்டேஷனுக்கு வரவழைக்க வேண்டியதில்லை. வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வந்து எழுத வேண்டும். 24-ம் பிரிவு. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேட்க முடியாது, கேள்வியை நீதிபதியிடம் சொல்ல, நீதிபதிதான் கேட்பார். திரும்பத் திரும்பக் கூப்பிடவும் கூடாது. இதெல்லாம் 33-ல் இருக்கிறது. ஏட்டில் நல்ல சட்டம்தான். ஆனால் யார் கேட்பது என்று இவ்வளவு சொன்ன சட்டம், எப்படிக் கேட்பது என்பதில் அவ்வளவு அக்கறை காட்டவில்லை.

பெரம்பூர்_கணேசன்:

ஒரே ஒரு கேள்வி. நியூ ஜெர்சியில் முதல் பேட்டிக்குப் பதிவு இல்லாததுதான் வழக்கையே கவிழ்த்தது என்றால், இங்கே முதல் வாக்குமூலத்தை வீடியோ எடுக்கச் சட்டம் சொல்கிறதா?

கோர்ட்டுக்கிளி:

சொல்கிறது. போக்சோ 26-ம் பிரிவு, நான்காவது உட்பிரிவு: முடிகிற இடங்களில் எல்லாம் குழந்தையின் வாக்குமூலத்தை ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும். போலீஸ், மாஜிஸ்திரேட் இரண்டு பேருக்கும் இது பொருந்தும். ஆனால் என் கைக்கு வரும் கேஸ் கட்டுகளில் பெரும்பாலும் இருப்பது தட்டச்சு செய்த ஒரு பக்கம். ‘மேற்படி எதிரி என்னை மிரட்டியதாலும், நான் மேற்படி சம்பவத்தை என் தாயாரிடம் தெரிவித்ததாலும்’ என்று ஆரம்பிக்கும். எந்த ஏழு வயதுக் குழந்தை இப்படிப் பேசும்? கேள்வி என்ன கேட்டார்கள் என்பது அதில் இருக்கவே இருக்காது. வீடியோ ஏன் இல்லை என்று சாட்சிக் கூண்டில் இன்ஸ்பெக்டரைக் கேட்டால், வசதி இல்லை என்பார். பையில் ஸ்மார்ட்போன் இருக்கும்.

மூணாம்வகுப்பு_டீச்சர்:

அந்தத் தட்டச்சுப் பக்கத்தைக் குழந்தைக்கு வாசித்தாவது காட்டுவார்களா?

கோர்ட்டுக்கிளி:

வாசிப்பார்கள். குழந்தையும் ‘சரி’ என்று சொல்லும்.